சிலுவையில் ஒரு துபாசி: நாகசாகி வேதசாட்சிகளின் ஓவியங்களில் கொன்சாலோ கார்சியா

1. முன்னுரை

கிறித்தவப் புனிதர்களை ஐரோப்பியக் கலை காட்டும் முறை ஒரு குறியீட்டு மொழியை ஒத்தது. அம்மொழிக்குச் சொற்களும் உண்டு. அவை சேரும் முறையை வரையறுக்கும் இலக்கணமும் உண்டு. சமயத்தின்பொருட்டு உயிர்நீத்தவர்களைப் பொறுத்தவரை அவ்விலக்கணத்தின் முதல் விதி எளியது: கொன்ற கருவியே கொல்லப்பட்டவரின் அடையாளம். சக்கரத்தோடு நிற்பவர் அலெக்சாந்திரியாவின் கத்தரீன். இரும்புக் கம்பித் தட்டியோடு நிற்பவர் லவுரெந்து. கற்களோடு நிற்பவர் முடியப்பர். அம்பு தைத்த உடலோடு நிற்பவர் செபஸ்தியார். எழுத்தறியாத பார்வையாளரும் கருவியைக் கண்டு பெயரைச் சொல்லிவிடுவர்.

ஒரே நாளில், ஒரே குன்றில், ஒரே வகைச் சாவினைப் பலர் எய்தும்போது இவ்விலக்கணம் என்னாகிறது என்பது ஆராயத்தக்க வினா. 1597 பிப்ரவரி 5ஆம் நாள் ஜப்பானின் நாகசாகியில் நிசிசாகா குன்றின்மீது 26 பேர் சிலுவைகளில் ஏற்றி ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டனர். அவர்களுள் ஒருவர் இன்றைய மகாராட்டிர மாநிலத்து வசாயில் பிறந்த கொன்சாலோ கார்சியா. இந்திய மண்ணில் பிறந்தோருள் முதன்முதலாகப் புனிதராக உயர்த்தப்பட்டவர் இவரே. இவர் தம் குழுவில் ஆற்றிய தலையாய பணி மொழி பெயர்த்துரைத்தல். அப்பணி ஓவியத்தில் ஏன் இடம்பெறவில்லை என்பதையும், அதனைச் சொல்லால் ஈடுசெய்ய இயலுமா என்பதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

எழுத்துவழிப் பெயர்ப்பவரையும் பேச்சுவழிப் பெயர்ப்பவரையும் 'மொழிபெயர்ப்பாளர்' என்னும் ஒரே சொல்லாற் குறிப்பது இற்றைத் தமிழ் வழக்கு. பேச்சைப் பெயர்ப்பவருக்கு 'துபாசி' என்னும் சொல் முன்பு வழங்கியது. இருமொழியாளர் எனப் பொருள்படும் வடசொல்லின் திரிபு அது. ஈண்டு அவ்வேறுபாடு இன்றியமையாததாதலின் அச்சொல்லே கையாளப்படுகிறது.

2. துபாசியின் வாழ்க்கை

கொன்சாலோ கார்சியா 1556 அல்லது 1557இல் போர்த்துக்கீசியத் தந்தைக்கும் இந்தியத் தாய்க்கும் மகனாகப் பிறந்தார். வசாய் 1534 முதல் போர்த்துக்கீசியர் ஆட்சியில் இருந்தது. 1739இல் மராத்தியர் அதனைக் கைப்பற்றினர். வசாய்க் கோட்டைக்குள் இருந்த இயேசு சபைக் கல்லூரியில் பயின்ற கார்சியா, இளமையிலேயே ஜப்பான் சென்று மறைப்பணியாளருக்கு உதவியாளராக இருந்தார். ஜப்பானிய மொழியை ஏட்டினின்றன்றி மக்களிடையே வாழ்ந்து கற்றார். பின்னர் வணிகராகக் கீழைக் கடல்களிற் பயணம் செய்து, மணிலாவில் பிரான்சிஸ்கு சபையிற் சகோதரராகச் சேர்ந்தார். அவர் குருப்பட்டம் பெற்றவரல்லர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

1593இல் பிலிப்பைன்சின் இசுபானிய ஆளுநர் ஜப்பானை ஆண்ட தொயோதோமி ஹிதேயோசியிடம் ஒரு தூதுக்குழுவை அனுப்பினார். அதன் தலைவர் பேத்ரோ பவுதிஸ்தா என்னும் பிரான்சிஸ்கு துறவி. அவருடைய நாவாக உடன் சென்றவர் கார்சியா. ஹிதேயோசி மணிலாவிடம் பணிவை எதிர்பார்த்தார். மணிலா நட்பை மட்டுமே தர முன்வந்தது. பணிவுக்கும் நட்புக்கும் இடையிலான தொலைவு அவ்வவையில் ஒரு துபாசியின் சொற்றேர்வைச் சார்ந்திருந்தது. துறவிகள் கியோத்தோவில் தங்க இசைவு கிடைத்தது.

1596இல் சான் பெலிப்பே என்னும் இசுபானியக் கப்பல் ஜப்பானின் தோசாக் கரையில் உடைந்தது. அதன் சரக்கைப் பற்றிய பூசலும், அதனையொட்டி எழுந்த ஐயங்களும் ஹிதேயோசியின் சினத்தை மறைப்பணியாளர்மீது திருப்பின. ஆண்டிறுதியில் துறவிகள் சிறைப்பட்டனர். சிறைப்பட்டோரின் இடச்செவியின் ஒரு பகுதி அறுக்கப்பட்டது. பின்னர் அவர்கள் குளிர்காலத்தில் நெடுந்தொலைவு நடத்திச் செல்லப்பட்டு நாகசாகியில் கொல்லப்பட்டனர். இறந்த 26 பேரில் 6 பேர் பிரான்சிஸ்கு துறவிகள், 3 பேர் இயேசு சபையினர், எஞ்சிய 17 பேர் பிரான்சிஸ்கு சபையைச் சார்ந்து வாழ்ந்த பொதுநிலையினர்.

3. கருவி என்னும் பெயர்ச்சொல்

கருவி அடையாளமாகும் முறையில் ஒரு தெரிவு உள்ளது. அத்தெரிவு எப்போதும் வரலாற்றோடு பொருந்துவதில்லை. செபஸ்தியாரின் வரலாறு இதற்குச் சிறந்த சான்று. மரபுக் கதையின்படி அவர் அம்புகளால் இறக்கவில்லை. பிழைத்தெழுந்து மீண்டும் மன்னன்முன் நின்றபோது தடியால் அடித்துக் கொல்லப்பட்டார். உரோமையின் சான் பியேத்ரோ இன் வின்கோலி கோயிலிலுள்ள 7ஆம் நூற்றாண்டு மணிக்கல் ஓவியம் அவரைத் தாடியுடைய முதியவராக, அம்பேதுமின்றிக் காட்டுகிறது. பிற்காலத்து ஓவியர்களோ அவரை இளைஞராக்கி அம்புகளைத் தைத்தனர். கொள்ளைநோயை அம்பாகக் கருதிய மனவுலகில் அம்பு ஏற்றவர் நோய்காக்கும் துணையானார். தடி மறைந்தது, அம்பு நின்றது.

ஆகவே புனிதரின் அடையாளம் என்பது அவர் வாழ்வின் சுருக்கமன்று. பார்ப்போர் தேவையொட்டிச் செய்யப்பட்ட தெரிவாகும். மூலத்தின் ஒரு கூறு மிகுவிக்கப்பட, மற்றொன்று விடுபடுகிறது. மொழிபெயர்ப்பில் நிகழ்வதும் இதுவே என்பதால், புனிதர் ஓவியத்தைத் திறனாய்வோர் மொழிபெயர்ப்புத் திறனாய்வின் வினாக்களையே எழுப்பலாம்: எது பெயர்க்கப்பட்டது? எது விடப்பட்டது? யாருக்காக?

4. நாகசாகி ஓவியங்கள்

நாகசாகிச் செய்தி ஐரோப்பாவை எழுத்து வழியாகவே அடைந்தது. இயேசு சபையின் லூயிஸ் புரோயிஸ் எழுதிய அறிக்கை இத்தாலிய மொழியில் 1599இல் உரோமையில் அச்சாயிற்று. அப்போது ஜப்பானில் இருந்த பிரான்சிஸ்கு துறவி மார்சேலோ தே ரிபாதெநெய்ரா எழுதிய வரலாறு 1601இல் பார்சலோனாவில் வெளிவந்தது. 1627 செப்டம்பரில் திருத்தந்தை எட்டாம் உர்பான் இவர்களுக்கு வணக்கம் செலுத்த இசைவளித்தபின் ஓவியங்கள் பெருகின. லொரேன் நாட்டுச் செதுக்குக் கலைஞர் ழாக் கலோ ஏறத்தாழ அதே ஆண்டில் பிரான்சிஸ்கு சபை சார்ந்த 23 பேரின் சாவைச் சிறிய அமிலச் செதுக்குப் படமாக்கினார். 1628இல் அவுக்சுபுர்க் நகரத்து வொல்ப்காங் கிலியன் இப்பொருளைச் செப்புத்தகட்டிற் செதுக்கினார். இத்தாலியின் தன்சியோ தா வரல்லோ தீட்டிய திரையோவியம் இன்று மிலான் நகரின் பிரேரா ஓவியக்கூடத்தில் உள்ளது.

நாகசாகியை நேரிற் கண்டிராத கலைஞர்கள், பிறர் எழுதியதையும் அதன் மொழிபெயர்ப்பையும் சார்ந்தே வரைய வேண்டியிருந்தது. எனவே இப்படங்களைப் பெயர்ப்பின் பெயர்ப்பு எனலாம். இவற்றில் ஓங்கி நிற்பது எண்ணிக்கையே. சிலுவைகள் அணிவகுத்து நிற்க, தனியொருவரின் முகத்தைவிட வரிசையின் நீளமே பார்ப்பவரைத் தாக்குகிறது. கலோவின் சிறிய படத்தில் முகங்களைப் பிரித்தறிய இடமேயில்லை. கருவியே பெயர் என்னும் விதி இங்கே தன் பயனை இழக்கிறது. 23 பேருக்கும் கருவி ஒன்றே. பெயர்ச்சொல் இங்குப் பன்மை விகுதி பெற்ற பொதுப்பெயராகிவிடுகிறது.

உருவ ஒற்றுமை எங்கும் குறையாவதில்லை என்பதற்கு மகாராட்டிரத்திலேயே ஒப்புமை உண்டு. அங்குள்ள எட்டு அட்டவிநாயகர் தலங்களிலும் வீற்றிருப்பவர் ஒரே கடவுள். ஆயினும் மோர்காவில் மயூரேசுவரர், தேவூரில் சிந்தாமணி, புனே மாவட்டத்து ரஞ்சன்காவில் மகாகணபதி என ஊரும் பெயரும் அவரைத் தனித்தறியச் செய்கின்றன. ரஞ்சன்காவில் வழிபடப்பெறும் திருவுருவுக்குக் கீழே பத்துத் துதிக்கைகளும் இருபது கைகளும் உடைய மூல உருவம் மறைத்து வைக்கப்பட்டுள்ளதென்பது அவ்வூர் வழக்கு. அவ்வுருவைக் காண்பதற்கில்லை, எனினும் சொல்லிவரும் வாய்கள் இருப்பதால் அது வாழ்கிறது. உருவம் தராத தனித்தன்மையை ஊரார் நாவு தருகிறது. கார்சியாவுக்கோ ஐரோப்பாவில் அத்தகைய ஊர் இல்லை.

5. உரிமையும் உருவமும்

26 பேருள் சிலர் வரிசையினின்று விலகித் தனியுருவம் பெற்றனர். எவ்வாறு பெற்றனர் என்பதை நோக்கின் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. பவுல் மீகி உள்ளிட்ட மூவரை இயேசு சபையினர் தம்மவர் எனத் தனியே போற்றினர். சிலுவையிலிருந்து மீகி ஜப்பானிய மொழியில் ஆற்றிய உரை எழுத்தில் நிலைபெற்றது. தாம் பிலிப்பைன்சிலிருந்து வந்தவரல்லர், பிறப்பால் ஜப்பானியரே என்று அவர் அதில் உரைத்தார். மெக்சிகோவிற் பிறந்த பெலிப்பே தே ஜேசுசை மெக்சிகோ நகரம் 1629இல் தன் காவலராக ஏற்றது. அந்நாட்டின் குவெர்னவாக்கா பேராலயச் சுவர்களில் நாகசாகிப் பயணமும் சாவும் பெரிய சுவரோவியங்களாகத் தீட்டப்பட்டு, பிற்காலத்துப் பூச்சுக்கு அடியில் மறைந்திருந்து 20ஆம் நூற்றாண்டில் வெளிப்பட்டன. சபையோ நகரமோ உரிமை கொண்டாடியவர்க்கே முகம் கிடைத்தது என்பது இதனால் அறியலாகிறது.

கார்சியா பிறந்த வசாய், வணக்கம் தொடங்கிய 112 ஆண்டுகளில் போர்த்துக்கீசியர் கையைவிட்டுப் போயிற்று. 1862 ஜூன் 8ஆம் நாள் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் 26 பேரையும் புனிதராக அறிவித்த பின்னரே அப்பகுதியில் அவர் பெயர் வலுப்பெற்றது. இன்று வசாய்ப் பகுதியின் காஸ் ஊர்க் கோயில் அவர் பெயரால் விளங்குகிறது. கோட்டைக்குள் சிதைந்து நிற்கும் பழைய கோயிற் சுவர்களிடையே அவர் விழாவும் நிகழ்கிறது. ஆயினும் பரவலாகக் காணப்படும் அவர் உருவங்கள் பிரான்சிஸ்கு அங்கியையும் சிலுவையையுமே தாங்குகின்றன. மொழிப்பணி அவற்றிலும் இடம்பெறவில்லை.

பெயர் வரலாறும் இதனையே உணர்த்துகிறது. தமிழகத்தில் மறைப்பணியாளர் புனிதர் பெயர்களின் பொருளறிந்து தமிழாக்கினர். முடி எனப் பொருள்படும் கிரேக்கப் பெயருடையவர் முடியப்பர் ஆனார்; சிறியவர் எனப் பொருள்படும் இலத்தீன் பெயருடையவர் சின்னப்பர் ஆனார். 1693 பிப்ரவரி 4இல் ஓரியூரில் தலைவெட்டப்பட்ட ஜோவான் தே பிரித்தோ அருளானந்தர் ஆனார். போர்த்துக்கல்லிற் பிறந்த அவர் துறவிக்குரிய காவியுடையில் தமிழர் உருவமாகக் காட்சி தருகிறார். இந்தியாவிற் பிறந்த கார்சியாவோ ஐரோப்பியத் துறவியின் அங்கியிற் காட்சி தருகிறார். உடை பிறப்பைச் சொல்லாமல் ஏற்றுக்கொண்ட உறவைச் சொல்கிறது. கார்சியாவின் பெயரோ கொன்சாலோ, கொன்சலோ, குந்திசால்வுஸ் என ஒலிமட்டும் மாறிப் பயணம் செய்தது. எம்மொழியாளரும் அதன் பொருளைத் தமதாக்கிக் கொள்ளவில்லை.

6. நூலுடைய பெயர்ப்பாளரும் நூலற்ற பெயர்ப்பாளரும்

மொழிபெயர்ப்பாளரைக் காட்ட ஐரோப்பியக் கலைக்குத் தெரியாது என்று கூறவியலாது. விவிலியத்தை இலத்தீனாக்கிய எரோணிமுஸ் அக்கலையின் விருப்பப் பொருள்களுள் ஒருவர். 1514இல் ஆல்பிரெக்ட் டூரர் செதுக்கிய படத்தில் அவர் தம் அறையில் மேசைமுன் குனிந்து எழுதுகிறார். முன்னே சிங்கம் கிடக்கிறது. எழுத்து, மேசை, ஒளி, அமைதி ஆகியவை பெயர்ப்புப் பணியின் சொற்களாகின்றன.

பேச்சைக் காட்டவும் அக்கலைக்குத் தெரியும். யான் வான் எய்க் 15ஆம் நூற்றாண்டில் தீட்டிய, இன்று வாசிங்டனில் உள்ள மங்கள வார்த்தை ஓவியத்தில் வானதூதரின் சொற்கள் எழுத்தாகவே வரையப்பட்டுள்ளன. மரியாளின் மறுமொழி மேலிருக்கும் இறைவன் படிப்பதற்கேற்பத் தலைகீழாக எழுதப்பட்டுள்ளது. நாவைக் காட்டவும் அக்கலை பின்னாளில் கற்றது: 1729இல் புனிதரான பொகேமியாவின் நெப்பொமுக் அருளப்பருக்கு, பாவசங்கீர்த்தன மறையைக் காத்தவர் என்பதால், நாவே அடையாளமாயிற்று. பேசாமையாற் புகழ்பெற்ற நாவுக்கு உருவம் கிடைத்தது. பேசுவதையே பணியாகக் கொண்ட நாவுக்கு அது கிடைக்கவில்லை.

இதற்குக் காரணம் வெறுப்போ புறக்கணிப்போ அன்று. பணியின் இயல்பே எனலாம். எழுதிப் பெயர்த்தவரின் பணி அவருக்குப் பின்னும் பொருளாக எஞ்சுகிறது. துபாசியின் பணி செவியிற் புகுந்து நாவில் வெளிப்பட்ட கணத்திலேயே முடிகிறது. அது செவ்வனே நிகழ்ந்தால் இருதரப்பாரும் தாமே நேரிற் பேசியதாக உணர்வர்; துபாசி நினைவில் நிற்பதில்லை.

நாகசாகியிலேயே இதற்கு எதிர்ச்சான்றும் உண்டு. சிலுவையேறுவோர்க்கு ஆறுதல் கூற அன்று இசைவு பெற்றுச் சென்ற இயேசு சபையினருள் ஜோவான் ரொத்ரிகேசும் ஒருவர். அவருக்குத் 'துசூஜி' என்பது அடைபெயர். ஜப்பானிய மொழியில் துபாசி என்பதே அதன் பொருள். அவர் எழுதிய ஜப்பானிய மொழி இலக்கணம் 1604ஆம் ஆண்டு முதல் நாகசாகியிலேயே அச்சாயிற்று. இன்றும் மொழியியலார் அதனைப் பயில்கின்றனர். குன்றின்மேல் அன்று இரு துபாசிகள் இருந்தனர். நூலெழுதியவர் மொழியியல் வரலாற்றிற் பெயர் பெற்றார். நூலெழுதாதவர் பீடத்தில் இடம் பெற்றார், ஆயின் துபாசியாக அன்று. புதுச்சேரியில் துய்ப்ளேக்ஸிடம் துபாசியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை இன்று அறியப்படுவதும் அவர் பெயர்த்துரைத்த பேச்சுகளால் அன்று, எழுதிவைத்த நாட்குறிப்பால் என்பது ஒப்புநோக்கத்தக்கது.

7. சாட்சியும் பலியும்

ஓவியம் விட்டதைச் சொல் தருமா என்பது அடுத்த வினா. ஐரோப்பிய மொழிகள் வழங்கும் சொல்லுக்கு மூலமான 'மார்த்துஸ்' என்னும் கிரேக்கச் சொல்லின் முதற்பொருள் சாட்சி என்பதே. அச்சொல் இலத்தீனுக்கும் பிறமொழிகளுக்கும் ஒலிபெயர்ப்பாகச் சென்றபோது சாட்சிப் பொருள் தேய்ந்து, வதையுண்டு இறந்தவர் என்னும் பொருளே நின்றது. தமிழ்க் கிறித்தவ வழக்கு அதனை ஒலிபெயர்க்காது பொருள்பெயர்த்தது: வேதசாட்சி, இரத்தசாட்சி, பின்னாளில் மறைசாட்சி. முன்னொட்டு மாறினும் சாட்சி மாறவில்லை. மலையாளத்தின் இரத்தசாட்சி அரசியற் களத்திலும் அப்பொருளையே சுமக்கிறது.

பிற மொழிகள் வேறு வழி சென்றன. மராத்தியில் பெருவழக்கான 'ஹுதாத்மா' வேள்வியில் இடப்பட்ட உயிர் என்னும் பொருளது. மும்பையின் ஹுதாத்மா சவுக்கம் அச்சொல்லால் அறியப்படுவதே. ஜப்பானியக் கிறித்தவர் தொடக்கத்தில் 'மருச்சிரு' எனப் போர்த்துக்கீசியச் சொல்லையே திரித்து வழங்கினர். பிற்காலத்து 'ஜுன்க்யோ' என்னும் சொல்லில், தலைவனைத் தொடர்ந்து தானும் மாய்தலைக் குறிக்கும் கூறு உள்ளது. தமிழிதழ்கள் பொதுவாக வழங்கும் 'தியாகி' துறந்தவர் என்னும் பொருளது. ஆக, ஒரே சாவினை ஒரு மொழி சொல்லாகவும், ஒரு மொழி பலியாகவும், ஒரு மொழி தொடர்தலாகவும், ஒரு சொல் துறத்தலாகவும் காண்கிறது.

இவ்வகைப்பாட்டில் வைத்து நோக்கின், 17ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் 'சாட்சி' என்பதைவிட 'ஹுதாத்மா' என்பதற்கே நெருங்கியவை. அவை காட்டுவது உயர்த்தப்பட்ட உடலை, உரைக்கும் வாயையன்று. கார்சியாவைப் பொறுத்தவரை இவ்விழப்பு இருமடங்காகும். சாட்சி தான் கண்டதைப் பிறர்முன் உரைப்பவர். துபாசி பிறர் உரைத்ததைப் பிறர்முன் உரைப்பவர். இருவர்க்கும் முதல் கடமை கூட்டாமலும் குறைக்காமலும் சொல்லுதல். ஆற்றலுடைய அரசன்முன் பணிவுக்கும் நட்புக்கும் இடையே சரியான சொல்லைத் தேர்ந்து நின்றவரின் வாழ்வில் இவ்விரண்டும் ஒன்றுபடுகின்றன. அவ்வொற்றுமையைத் தூரிகை காட்டவில்லை. தமிழ்ச் சொல் காட்ட வல்லது.

1962இல் நிசிசாகா குன்றில் சிற்பி புனாகோசி யசுதாகே அமைத்த வெண்கல நினைவுச்சின்னம் ஈண்டு குறிப்பிடத்தக்கது. 26 பேரும் ஒரே வரிசையில் நிற்கின்றனர். ஆனால் சிலுவைகள் இல்லை. முகங்கள் வேறுவேறாக உள்ளன. கருவியை நீக்கியதும் ஆட்கள் தோன்றினர். இலக்கணத்தின் முதல் விதியைக் கைவிட்ட பின்னரே தனிப்பெயர்கள் மீண்டன என்பது கருதத்தக்கது.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, ஐரோப்பியக் கலையில் வேதசாட்சியின் அடையாளம் கருவியைச் சார்ந்தது. கருவி பொதுவாகும்போது ஆள் மறைகிறார். இரண்டாவது, மறைந்தவர்க்கு முகத்தை மீட்டுத் தருவது உரிமை கொண்டாடும் சமுதாயமே. மூன்றாவது, எழுதிப் பெயர்ப்பவருக்கு அக்கலை அடையாளம் கண்டது. பேசிப் பெயர்ப்பவருக்குக் காணவில்லை.

இவை தமிழில் புனிதர் வரலாறும் கலை வரலாறும் பெயர்ப்போர்க்குப் பயன்படத்தக்கவை. 1586இலேயே புனிதர் வரலாறுகளைத் தமிழ் உரைநடையில் 'அடியார் வரலாறு' என அச்சிற் கண்ட மொழி இது. அம்மொழியில் இப்படங்களுக்கு விளக்கம் எழுதுவோர் 'தியாகி' என்று பொதுப்பட மொழியாது, 'வேதசாட்சி' அல்லது 'மறைசாட்சி' என்றே ஆளுதல் தகும். கார்சியாவின் பெயருக்குமுன் 'பிரான்சிஸ்கு சகோதரர்' என்று மட்டும் எழுதாமல் 'துபாசி' என்றும் சேர்த்தெழுதுதல் வேண்டும். ஓவியத்தை மாற்றி வரைதல் இனி இயலாது. அதன் கீழே எழுதப்படும் சொல்லைத் திருத்தமாக எழுதுதல் இயலும்.